பேசிக்கொண்டே இறக்குவது

"முதல்ல எம்மவட்ட கேளுங்க."

"நீங்க கேட்டா ஆகாதா?"

"நல்லாருக்கு. பெத்தவ மகள்ட்ட போயி, ஏட்டி, எனக்கு மாப்பிள்ள பாத்திருக்கேன், உனக்குப் பிடிச்சிருக்கா சொல்லுன்னா கேப்பா?"

"அதுவும் சரிதான்."

"நீங்க கேளுங்க. அவ சரின்னா எனக்குச் சரி. அவ மூஞ்சியத் திருப்பினா நீங்க இந்தப் பக்கம் வரப்படாது. மாத்திரை வாங்கக்கூட."

"எப்பக் கேக்கணும்?"

"தினமும் காலைல எட்டு மணிக்கு அவகூடத்தான நிக்கிய. என்னைக்காவது கேளுங்க."

நம்பிராஜனுக்கு இந்தப் பேச்சு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. பேசிப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. குற்றாலத்தில் அகிலாண்டேஸ்வரி நர்ஸாக இருக்கும் கிளினிக்கின் வாசல். சாரல் முடிந்து சுற்றுலா வேன்கள் குறைந்துவிட்ட ஒரு புரட்டாசி மாலை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அகிலாண்டேஸ்வரி உள்ளே போய் அடுத்தவருக்கு ஊசி போட்டார். நம்பிராஜன் பஸ் ஏறி வடகரைக்கு வந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த மகளுடன் நின்றார். கேட்கவில்லை.

அதற்கு மறுநாளும் கேட்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்பத்தாறு ஆகியிருந்தது. அதற்கு மேல் அவருக்குப் பெண் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. சும்மா இருக்க முடியாமல் ட்ரோன் ஓட்டப் பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி, தென்காசியில் உரக்கடை வைத்திருக்கும் குத்தாலிங்கத்தின் மருந்தடிக்கும் ட்ரோனுக்குப் பைலட்டாகச் சேர்ந்தார். அந்த ட்ரோனுக்கு மூளை எழுதுகிறவள் வேல்விழி. விமானப் பொறியியல் படித்தவள், இருபத்தேழு வயது, அகிலாண்டேஸ்வரியின் ஒரே மகள். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

சென்ற வருடம் ஆவணியில் ட்ரோனின் இறக்கை ஒன்று நம்பிராஜனின் இடது கட்டைவிரலைக் கிழித்தது. வேல்விழி தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அம்மாவிடம் விட்டாள். காயம் ஆறு நாளில் ஆறியது. கட்டு மாற்ற அவர் பதினான்கு நாள் போனார். பதினைந்தாம் நாள் விரலில் கட்டுப் போட ஒன்றுமே இல்லை. அகிலாண்டேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் சின்னதாக ஒரு கட்டுப் போட்டு, "நாளைக்கும் வாங்க" என்றார்.

மகளிடம் கேட்பது இவ்வளவு கடினம் என்று அப்போது தெரியவில்லை.

"வேல்விழி, ஒரு விஷயம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

அந்த 'அண்ணாச்சி'தான் முதல் தடை. அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடும் பெண்ணிடம் இதை எந்த வாயால் கேட்பது? அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்.

"பாட்டரில நாலாவது செல்லு லேசா சூடாவுற மாதிரி இருக்கு."

பாட்டரியைக் கழற்றிச் சோதிப்பார்கள். நாலாவது செல் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் மருந்துக் குழாயின் முனை. அதற்கடுத்த வாரம் ஒரு திருகு. பதினோரு மாதத்தில் அந்த ட்ரோனில் நம்பிராஜன் சந்தேகப்படாத பாகம் இல்லை. தென்காசி வட்டாரத்திலேயே இத்தனை கவனமாகப் பராமரிக்கப்படும் ட்ரோன் வேறு கிடையாது என்று குத்தாலிங்கம் உரக்கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எவ்வளவு பராமரித்தாலும் ஒரு மோட்டார் வானத்தில் நின்றுபோகலாம். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்து மக்காச்சோள விவசாயிகளின் சங்கத் தலைவர் செல்லச்சாமிக்கு இது நேரடியாகத் தெரியும். போன வருடம் எங்கிருந்தோ வந்த ஒரு ட்ரோன் அவருடைய பம்புசெட் அறையின் ஓட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. அன்றிலிருந்து சங்கத்தின் நிலம் எதிலும் ட்ரோன் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குத்தாலிங்கம் மூன்று முறை போய்ப் பேசினார்.

"ஒரு மோட்டார் நின்னாலும் கீழ விழாதுன்னு காட்டுங்க. கண்ணால பாக்கணும்" என்றார் செல்லச்சாமி.

வேல்விழி அதைத்தான் ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். ட்ரோனுக்கு ஆறு கை, ஆறு மோட்டார். ஒன்று நின்றால் மீதியெல்லாம் வழக்கப்படி உழைக்கப் பார்க்கும்; உடனே சாய்ந்து விழும். அதனால் நின்ற கணத்திலேயே, எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுவிடுவது என்று அது முடிவு செய்ய வேண்டும். அவள் எழுதிய மூளை, ட்ரோனின் மூக்கு பார்க்கும் திசையை விட்டுவிடும். ட்ரோன் பம்பரமாகச் சுற்றும். ஆனால் சாயாது, உயரம் குலையாது, மெதுவாக இறங்கும்.

"ஐந்தருவில கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா எந்தப் பக்கம் பாத்து நிக்கோம்னா பாக்கோம்? சுத்திவிட்டாலும் சரி, விழாம நின்னாப் போதும்லா. அவ்வளவுதான்" என்று அவள் குத்தாலிங்கத்துக்கு விளக்கினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் அதிகம் புரிந்துகொண்டவை அருவி சம்பந்தப்பட்டவைதான்.

பிரச்சினை பைலட்டிடம் வந்தது. ட்ரோன் தானாகச் சுற்றினால் எந்தப் பைலட்டின் இடது கட்டைவிரலும் அதை நிறுத்தப் பார்க்கும். ரிமோட்டின் இடது குச்சிதான் மூக்கைத் திருப்புவது. அது பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் இடது குச்சியைத் தொட்டால், ட்ரோன் மிச்சமிருக்கும் பலத்தையெல்லாம் மூக்கைத் திருப்புவதில் செலவழித்துவிட்டுக் கவிழும்.

"அப்ப அந்த நேரம் இடது குச்சியைக் கேக்காதன்னு எழுதிரு" என்றார் குத்தாலிங்கம்.

"எழுதினேன் அண்ணாச்சி. ஹவில்தார் அண்ணாச்சிதான் வேண்டாம்னுட்டாவ."

வேண்டாம் என்றது உண்மை. மனிதன் சொல்வதைக் கேட்காத இயந்திரத்தை ஓட்ட மாட்டேன் என்று நம்பிராஜன் உறுதியாக இருந்தார். வேல்விழி அந்த வரிகளை எடுத்துவிட்டாள். பிறகு கம்ப்யூட்டரில் போலி ட்ரோனை வைத்துப் பத்துத் தடவை பழகியதில், அவரே இடது குச்சியைத் தொட்டு ஏழு தடவை அதைக் கவிழ்த்தார்.

இந்தப் பயிற்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. பைலட் என்ன பார்க்கிறார், என்ன செய்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டைக் காலரில் மைக் இருக்கும். குச்சிகளின் அசைவோடு அவர் பேச்சும் பதிவாகும். வேல்விழி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குத்தாலிங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினாள். அதில் எட்டாவது வரி இது: 'பைலட் பேசிக்கொண்டிருக்கும்போது இடது கட்டைவிரல் அசைவதில்லை. எதையோ சொல்ல வந்து நிறுத்தும்போது அசைகிறது.'

நம்பிராஜன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

சோதனை ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு என்று முடிவானது. இடம் வடகரையில் குளத்துக்கு மேற்கே அறுவடை முடிந்த வயல். செல்லச்சாமி வர ஒப்புக்கொண்டார்.

அன்று ஆறரை மணிக்கு, எப்போதும் போல, நம்பிராஜன் குற்றாலத்தில் கிளினிக் வாசலில் நின்றார். இரவுப் பணி முடித்து அகிலாண்டேஸ்வரி வெளியே வருவதற்கும் தென்காசி பஸ் வருவதற்கும் நடுவில் பத்து நிமிடம் உண்டு. பதினோரு மாதமாக அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள். அன்றைக்கு அகிலாண்டேஸ்வரி டீயைத் தொடவில்லை.

"பாப்பாவுக்கு பெங்களூர்ல வேல வந்திருக்கு. இந்தச் சோதனை நல்லபடியா முடிஞ்சா ஐப்பசி ஒண்ணாந்தேதி சேரணுமாம்."

"நல்ல விஷயம்."

"நானும் கூடப் போறேன். தனியா விடச் சொல்லுதியளா? கிளினிக்ல சொல்லியாச்சு. வீட்டுச் சொந்தக்காரர்ட்டயும் சொல்லணும்."

நம்பிராஜன் டீ கிளாஸைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கேக்கியளா?"

"இன்னைக்குச் சோதனை இருக்கு."

"உங்களுக்கு என்னைக்குத்தான் இல்ல?" என்றார் அகிலாண்டேஸ்வரி. கைப்பையைத் திறந்து, கறுப்பு நூலில் கோத்த ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஐந்து பச்சை மிளகாயையும் எடுத்தார். "ராத்திரி பூரா அவ விழுந்துருமோ விழுந்துருமோன்னு போன்ல புலம்பினா. இத அந்த மிசின்ல கட்டிருங்க. அவகிட்டச் சொல்லாதிய, வைவா. இன்னைக்குக் கேட்டாக் கேளுங்க. இல்லன்னா இதுவே நான் உங்களுக்குக் குடுத்த கடைசின்னு வச்சிக்கிடுங்க."

பஸ் வந்தது. அகிலாண்டேஸ்வரி ஏறிவிட்டார்.

கொடுத்த எதையும் மறுத்துப் பழக்கமில்லாத நம்பிராஜன் எலுமிச்சம்பழத்தோடு வயலுக்கு வந்தார். மற்றவர்கள் வருவதற்குள் அதை ஐந்தாவது மோட்டாரின் கையில், நடுவில் கட்டினார். ராணுவத்துக்காரர் என்பதால் கண்ணளவில் விடவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தார். அந்த ட்ரோனில் இறக்கைகள் கைகளுக்குக் கீழே சுழல்பவை. பழம் தொங்கும் இடத்துக்கும் இறக்கையின் நுனிக்கும் நடுவில் ஒன்பது சென்டிமீட்டர் இருந்தது. இழுத்துப் பார்த்தார். நூல் உறுதியாக இருந்தது. மருந்துத் தொட்டியின் நிழலில் பழம் வெளியே தெரியவில்லை. திருப்தியாக ஒரு பீடி பற்றவைத்தார்.

தொங்கும் பழத்துக்குத்தான் அவர் இடைவெளி அளந்திருந்தார். ட்ரோன் சுற்ற ஆரம்பித்தால் பழம் தொங்காது, ராட்டினத் தொட்டி மாதிரி வெளியே விரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை. சுற்ற வைப்பதற்கென்றே நடத்தும் சோதனை அது.

எட்டேகாலுக்கு வேல்விழி லேப்டாப்போடு வந்தாள். குத்தாலிங்கம் காரில் செல்லச்சாமியை அழைத்து வந்தார். செங்கோட்டைக் கணவாய்க் காற்று அன்று மட்டாக இருந்தது. செல்லச்சாமி ட்ரோனை ஒரு முறை சுற்றி வந்து, அது விழக்கூடிய இடங்களையெல்லாம் யோசித்து, காருக்குப் பின்னால் போய் நின்றார்.

"அங்கன நின்னா தெரியாது அண்ணாச்சி" என்றார் குத்தாலிங்கம்.

"தெரியுத வர போதும்."

வேல்விழி காதில் ஹெட்போனை மாட்டினாள். "நாப்பது மீட்டர்ல மூணாவது மோட்டார நிறுத்துதேன். நிறுத்தினா நிறுத்தினதுதான், தரைக்கு வாரவரைக்கும் திரும்ப ஓடாது. அப்படிப் பூட்டுப் போட்டிருக்கேன். இறங்குததை அதுவே பாத்துக்கிடும். அண்ணாச்சி வலது குச்சியால இடத்த மட்டும் சரிபண்ணுங்க. அது எப்படிச் சுத்தினாலும், நீங்க தள்ளுத பக்கம் போவும். இடது குச்சி?"

"தொடமாட்டேன்."

"பேச்ச நிறுத்தக் கூடாது."

"நிறுத்தமாட்டேன்."

ட்ரோன் எழுந்தது. நாற்பது மீட்டரில் நின்றது. வேல்விழி மூன்றிலிருந்து ஒன்றுவரை எண்ணி ஒரு பொத்தானை அழுத்தினாள்.

மேலே சத்தத்தில் ஒரு பங்கு குறைந்தது. ட்ரோன் ஓர் ஆள் உயரம் கீழே நழுவி, பிடித்துக்கொண்டது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல மெதுவாகத் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது.

"உயரம் முப்பத்தெட்டு" என்றார் நம்பிராஜன். "மூக்கு வடக்க இருந்து கிழக்க போவுது. தெக்க போவுது. இடது கைய எடுத்துட்டேன். நேரா இருக்கு. சாயல."

"பாத்தியளா" என்றார் குத்தாலிங்கம். செல்லச்சாமி காருக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார்.

நாலாவது சுற்றில் மேலே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று இரண்டாக வெட்டுப்பட்டு வேறு வேறு திசையில் பறந்தது. ஐந்தாவது மோட்டாரும் நின்றது.

இப்போது ட்ரோன் சுற்றிய வேகத்தில் அதற்குக் கை எத்தனை என்று எண்ண முடியவில்லை.

"மூணாவதத் திரும்பப் போடும்மா" என்றார் குத்தாலிங்கம்.

"முடியாது. பூட்டியிருக்கு."

"ஏன் பூட்டுன?"

"ஏமாத்தக் கூடாதுன்னு."

வேல்விழி ட்ரோனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த நாலில் மூன்று மோட்டார்கள் முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொண்டிருந்தன. மீதி ஒன்று கிட்டத்தட்டச் சும்மா இருந்தது. இரண்டு மோட்டார் நின்றால் என்ன செய்வது என்றும் அவள் எழுதித்தான் வைத்திருந்தாள். வெளியே பறக்கவிட்டு யாரும் பார்த்ததில்லை. திரையின் மூலையில் இடது குச்சிக்கு ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடு லேசாக நடுங்கியது.

"அண்ணாச்சி, விரல் வருது. பேசுங்க."

"உயரம் முப்பத்தாறு. சுத்துது. ரொம்பச் சுத்துது. மூக்கு எங்க இருக்குன்னு தெரியல."

"தெரிய வேண்டாம். வேற?"

"குளத்துப் பக்கம் தள்ளிட்டுப் போவுது. வலது குச்சியால மேற்க இழுக்கேன். வர மாட்டேங்கு. வருது. மெதுவா வருது."

"வேற?"

"உயரம் முப்பத்தி ரெண்டு."

அவர் நிறுத்தினார். கோடு நடுங்கியது. மேலே ட்ரோன் ஒரு பக்கம் தலையைத் தாழ்த்தியது.

"அண்ணாச்சி, எதையாவது பேசுங்க. வாய மூடாதிய. விழுந்துரும்."

"அஞ்சாவது மோட்டார் நின்னது என் தப்பு."

கோடு நின்றது. ட்ரோன் நிமிர்ந்தது.

"அதெப்படி உங்க தப்பு?" என்றாள் வேல்விழி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எலுமிச்சம்பழம் கட்டினேன். மிளகாயும். நூலு சுத்திக்கிட்டு."

செல்லச்சாமி நாலடி தள்ளி வரப்பில் கிடந்த ஒன்றைக் குனிந்து எடுத்தார். பாதி எலுமிச்சம்பழம். மோந்து பார்த்தார். "புளியங்குடிக் காய்" என்றார்.

"ஏன்வே, நான் பூஜை போட்டது பத்தாதா?" என்றார் குத்தாலிங்கம். "வாங்கின அன்னைக்கே சக்கரம் இல்லாத வண்டிக்கு நாலு பழத்த நசுக்கினேனே."

"அண்ணாச்சி, நீங்க பேசாதிய. அவுக பேசட்டும்" என்றாள் வேல்விழி. "பழம் யாரு குடுத்தா?"

நம்பிராஜன் வானத்தைப் பார்த்தார். கோடு அசைந்தது.

"விரல்" என்றாள்.

"உங்கம்மா."

"எங்கம்மாவ எங்கன பாத்திய?"

"கிளினிக் வாசல்ல. ஆறரைக்கு. உயரம் இருபத்தாறு."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்பறம் எதுக்குப் போனிய?"

"தினமும் போறேன்."

"தினமுமா?" என்றார் குத்தாலிங்கம்.

"சும்மா இரும்வே. இறங்கட்டும்" என்றார் செல்லச்சாமி. அவர் இப்போது காரைவிட்டுப் பத்தடி முன்னால் வந்திருந்தார். பாதிப் பழம் இன்னும் கையில் இருந்தது.

குளத்தின் கரையைத் தாண்டி ட்ரோன் வயலுக்கு மேலே வந்துவிட்டது. நம்பிராஜனின் வலது கை நடுங்காமல் அதை இழுத்துக்கொண்டிருந்தது. இடது கட்டைவிரல் குச்சிக்கு ஒரு விரற்கடை மேலே, வேறு யாருடையதோ போல நின்றது.

"தினமும் போயி என்ன செய்திய?" என்றாள் வேல்விழி. உயரம் கேட்கும் அதே குரல்.

"டீ குடிப்போம்."

"அப்பறம்?"

"பஸ் வந்துரும். அவுக ஏறிருவாவ. உயரம் பத்தொம்போது."

"எத்தன நாளா?"

"விரல் கிழிஞ்சதுல இருந்து."

"விரல் ஆறு நாள்ல ஆறிட்டுன்னு அம்மா சொன்னா."

"ஆமா. ஆறு நாள்ல ஆறிட்டு."

காற்று ஒரு தடவை வீசியது. ட்ரோன் தெற்கே நாலு மீட்டர் ஒதுங்கியது. நம்பிராஜன் அதை வடக்கே கொண்டுவந்தார். அந்த நேரம் அவர் பேசவில்லை. கோடு மேலே எழும்பியது. இதுவரை இல்லாத உயரத்துக்கு எழும்பியது. மேலே மூன்று மோட்டார்களும் ஒரே சமயத்தில் குரல் மாறி முனகின.

"அண்ணாச்சி. வாயில என்ன இருக்கோ அதச் சொல்லுங்க. எதா இருந்தாலும் சரி."

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு பதினோரு மாசமா நிக்கேன்."

கோடு இறங்கிப் படுத்துக்கொண்டது.

"நாலாவது செல்லு பத்தியா?"

"நாலாவது செல்லு நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்."

நம்பிராஜன் முதன்முறையாக ட்ரோனிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் மட்டும் சிவந்திருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

"மேல பாருங்க" என்றாள்.

மேலே பார்த்தார். "உயரம் பன்னெண்டு."

"உயரம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க மத்ததச் சொல்லுங்க."

"நீ பெங்களூருக்குப் போறியாம்."

"இது நல்லபடியா இறங்கினா."

"இறக்கிருவேன்."

"இறக்கிருவிய. அப்பறம்?"

"அம்மாவும் கூட வாராவளாம்."

"தனியா இங்கன இருந்து என்ன செய்வா? அதான் வாரேன்னா. ஒன்பது வருசமா எனக்காவ ஒத்தையா எல்லாத்தையும் இழுத்துட்டா. இனிமேலாவது நான் பாக்கணும்லா."

"அது நியாயந்தான்."

"என்ன நியாயந்தான்? நீங்க எதையாவது சொல்லுவியன்னு பாத்தா."

குத்தாலிங்கம் வாயைத் திறந்தார். செல்லச்சாமி அவர் முழங்கையைப் பிடித்தார். குத்தாலிங்கம் வாயை மூடினார்.

ட்ரோன் தலைக்கு மேல் வந்துவிட்டது. அதன் காற்று வயலில் கிடந்த வைக்கோலைச் சுருட்டி எறிந்தது. தூசியில் எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டார்கள். நம்பிராஜன் இடுக்கவில்லை. இருபத்திரண்டு வருட ராணுவத்திலும் இப்படி ஒரு சத்தத்துக்கு நடுவில் நின்று, எழுதிக் கொடுக்காத ஒரு வாக்கியத்தை அவர் சொன்னதில்லை. அங்கே எல்லாச் செய்தியும் எழுதித்தான் வரும். படித்தால் போதும்.

"அஞ்சு மீட்டர்" என்றாள் வேல்விழி. "விரல் அசையுது அண்ணாச்சி. ரெண்டுல ஒண்ணு விழத்தான் போவுது. ஒண்ணு இது விழணும், இல்ல உங்க வாயில இருக்கது விழணும்."

அவர் இடது கையை ரிமோட்டிலிருந்தே எடுத்துவிட்டார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையின் மேல் வைத்துக்கொண்டார்.

"மூணு மீட்டர்."

"வேல்விழி."

"சொல்லுங்க."

"நீ பெங்களூருக்குப் போ. நல்லா இரு. அம்மாவ இங்கன விட்டுட்டுப் போ."

"இங்கன யார்கிட்ட?"

ட்ரோனின் கால் தரையில் படுவதற்கு ஒரு மீட்டர் இருந்தது. உயரம் சொல்லும் அதே குரலில், மைக் வழியாக அவள் காதுக்குள்ளும், சத்தத்தை மீறி மற்ற இருவருக்கும் கேட்கும்படியும், நம்பிராஜன் கேட்டார்:

"உங்கம்மாவ எனக்குக் கட்டித் தருவியா?"